'வெஜ்' என்ற ஒரு சொல்: பங்சார் இத்தாலிய உணவகத்தில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை இரவு, கோலாலம்பூர் பங்சாரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இத்தாலிய உணவகத்தில் நாங்கள் ஒன்பது பேர் சாப்பிட்டோம். அன்று ஒன்பது பேருக்கும் சைவம். உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் சொன்னோம். பணியாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஆனாலும் மேசைக்கு வந்த ஏழு வகைகளில் ஆறு சைவமில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை. எழுதிக்கொண்டவர், சமைத்தவர், கொண்டுவந்து வைத்தவர் எல்லாரும் தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். பிறகு எப்படி இவ்வளவு பிசகு? அது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால், மூன்று நாள் கழித்து அதே சமையலறைக்குப் போய்க் கேட்டேன். கேட்டதையும் பார்த்ததையும் எழுதிவைக்கிறேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கோலாலம்பூரில் இதேபோல் சமைக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன.

ஏன் இத்தாலியக் கடை

தம்பி மகளுக்கு அன்று பதினெட்டு வயது முடிந்தது. லக்கி கார்டன் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது எங்களுக்கு வாரா வாரம் உள்ளது. "அத்தை, ஒருநாள் பாஸ்தா சாப்பிடலாமே" என்றாள். மறுக்க யாருக்கும் காரணம் தெரியவில்லை. புரட்டாசியில் வெளியே சாப்பிடுவதென்றால் சீனக் கடையில் பன்றிக் கொழுப்பு பற்றிய பயம், மாமாக் எனும் இந்திய முஸ்லிம் கடையில் ஒரே கரண்டி எல்லாக் குழம்பிலும் போகும் பயம். இத்தாலியச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? மாவு, தக்காளி, பூண்டு, சீஸ். இதைவிடச் சைவம் உண்டா என்றுதான் நினைத்தோம்.

அம்மாவின் நிலை மட்டும் வேறு. நாங்கள் எட்டுப் பேரும் புரட்டாசிக்காகச் சைவம். அப்பா இறந்த ஆண்டிலிருந்து அம்மா முழுச் சைவம், முட்டையும் கிடையாது. எங்களுக்கு ஒரு வாய் தவறினால் வருத்தம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது பதினான்கு வருட நியமம்.

அன்று இரவு

நாங்கள் சொன்னவை: மினெஸ்ட்ரோனே சூப், கோழி போடாத சீசர் சாலட், மார்கரிட்டா பீட்சா, காளான் ரிசோட்டோ, பெஸ்டோ பென்னே, ஆலியோ ஒலியோ ஸ்பகெட்டி, கடைசியில் இனிப்புக்குப் பன்னா கோட்டா. எல்லாமே உணவுப் பட்டியலில் பச்சை இலைக் குறி போட்டவை, அல்லது "இறைச்சி வேண்டாம்" என்று நாங்கள் மாற்றச் சொன்னவை.

சூப் குடித்தாயிற்று. அடுத்துச் சாலட். அம்மா முட்கரண்டியால் ஓர் இலையை எடுத்து வாய்க்குப் பக்கம் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். மூக்கருகே ஒரு நொடி வைத்திருந்தார். மெல்லத் தட்டில் இறக்கினார். மேசைமேல் இருந்த துணியை எடுத்துத் தட்டை மூடினார். எதிரே பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்; அம்மாவும் அவளைப் பார்த்துச் சிரித்தார். பணியாளரிடம் சுடுதண்ணீர் மட்டும் கேட்டார்.

நான் அந்தத் தட்டை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த சாஸில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: நெத்திலி. முப்பது வருடம் எங்களுக்கு நெத்திலிச் சம்பல் கிளறிப் போட்டவர் அம்மா. அந்த வாசனை அவருக்குத் தெரியாமல் போகுமா?

பணியாளரைக் கூப்பிட்டேன். நேபாளப் பையன், நல்ல மரியாதை. மலாயில்தான் பேசிக்கொண்டோம். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சோஸ் சாஜா, காக்காக். டாகிங் தாடா" என்றான். வெறும் சாஸ்தான் அக்கா, இறைச்சி இல்லை.

அதற்குமேல் அங்கே பேசினால் பிள்ளையின் பிறந்தநாள் கெட்டுவிடும். பேசாமல் இருந்துவிட்டேன். பில்லில் வழக்கம்போல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்திருந்தன. கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு சாமி அறைக்குப் போய்விட்டார். மறுநாள் மதியம் வரை எதுவும் சாப்பிடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை

மதிய வியாபாரம் முடிந்து இரவு அடுப்பு ஏறுவதற்கு முன் சமையலறை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் போனேன். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே கூட்டிப்போய்த் தலைமைச் சமையற்காரரைக் காட்டினார். பார்த்தால் ஈப்போத் தமிழர்! சனிக்கிழமை இரவு எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்திருக்கிறது. யாராவது ஒருவர் எட்டிப் பார்த்துத் தமிழில் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

"அக்கா, 'வெஜ்'னு சீட்டு வந்தா இறைச்சித் துண்டு எதையும் போடமாட்டோம். எங்களுக்கு அதான் அர்த்தம்" என்றார். மறைக்காமல் சொன்னார். ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன்.

முதலில் சூப். அடுப்பின் ஓரத்தில் பெரிய பானை. காலையில் கோழி எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் அந்தக் கடையில் சூப்புக்கும் ரிசோட்டோவுக்கும் அடிப்படை. பட்டியலில் காய்கறிச் சூப் என்று இருக்கும். காய்கறி மிதப்பதும் உண்மை. அது வெந்த தண்ணீர் கோழித் தண்ணீர். அவர் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி ஒன்றை மேலே எடுத்தார். உள்ளங்கை அளவு, வெந்து தளர்ந்த மஞ்சள் பட்டை. இறைச்சித் தோல் என்று நினைத்துப் பின்வாங்கிவிட்டேன். "இல்லக்கா, சீஸோட ஓடு" என்றார். வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அதன்மேல் புள்ளி புள்ளியாக எழுத்துகள் குத்தியிருந்தன. வெந்த பிறகும் பாதிப் பெயரைப் படிக்க முடிந்தது: பார்மிஜானோ. சீவி முடித்த ஓட்டை வீணாக்காமல் சூப்பில் போடுவது இத்தாலிய வீடுகளில் நெடுநாள் வழக்கம். நாம் முருங்கைக்காய் சீவியதையும் விடாமல் ரசத்தில் போடுவது மாதிரி. சிக்கனமான, நல்ல வழக்கம். ஆனால் அந்த ஓட்டில்தான் எங்கள் விவகாரத்தின் பெரும்பகுதி இருந்தது.

சீஸ் எப்படி உறைகிறது

நாம் வீட்டில் பன்னீர் செய்தால் பாலில் எலுமிச்சை பிழிகிறோம். தயிருக்கு உறை ஊற்றுகிறோம். அதனால் பால் திரிந்து கட்டியாவதில் உயிர்க்கொலை இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. இத்தாலியின் பழைய சீஸ்கள் அப்படி உறைவதில்லை. பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையில் தாய்ப்பாலை உறையவைக்கும் நொதி ஒன்று உண்டு. ரென்னட் என்பார்கள். வெட்டிய கன்றின் இரைப்பையிலிருந்து அதை எடுத்துப் பாலில் கலக்கிறார்கள்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு மூன்றே பொருள்: பால், உப்பு, கன்று ரென்னட். வட இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா முதலான, எல்லை வகுத்த பகுதியில் மட்டுமே செய்யலாம். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால் போகும். சக்கரம் ஏறக்குறைய 40 கிலோ எடை. குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். வேறு நொதி போட்டால் அந்தப் பெயரே கிடைக்காது. ஆகவே அந்தப் பெயரோடு வரும் சீஸ் எதுவும் சைவமாக இருக்க வழியில்லை. கிரானா படானோவும் கன்று ரென்னட்தான். பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட்.

'பார்மசான்' என்று மட்டும் எழுதியிருந்தால் கணக்கு வேறு. 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தச் சொல்லும் உண்மையான பார்மிஜானோவுக்கே உரியது. ஒன்றியத்துக்கு வெளியே அந்தப் பெயரில் பலவும் விற்கிறார்கள்; அவற்றில் பூஞ்சையிலிருந்து எடுத்த நொதியால் உறைந்தவையும் உண்டு. அதாவது விலை குறைந்த பொட்டலத்துச் சீஸ் சிலசமயம் அம்மா சாப்பிடக் கூடியதாக இருக்கும். உயர்ந்த, உண்மையான சீஸ் ஒருபோதும் இருக்காது. நல்ல கடைக்குப் போனால் நல்லது கிடைக்கும் என்று நம்பிப் போகிற சைவக் குடும்பம் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அவர் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "பால்மரத்துப் பாலுக்கு ஆசிட் ஊத்துவாங்களே, அந்த மாதிரி இதுக்குக் கன்னுக்குட்டி வயிறா?" என்றார். அப்படித்தான் அம்மா என்றேன். பங்சாரும் முன்பு ரப்பர்த் தோட்டம்தான். புங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயர் ஒட்டித்தான் பங்சார் ஆனது. உறைபாலைப் பற்றி அம்மாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது. என்ன ஊற்றுகிறார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

சரி, சமையலறைக்குத் திரும்புகிறேன். பெஸ்டோ என்ற துவையலில் பார்மிஜானோ அரைத்தே வருகிறது. அதை எடுத்துவிட்டால் பெஸ்டோ இல்லை. ரிசோட்டோ அரிசி கோழித் தண்ணீரில் வெந்து, இறக்கும்போது வெண்ணெயும் அதே சீஸும் சேர்கிறது. ஆலியோ ஒலியோவில் என்ன தவறு நடக்க முடியும் என்றுதான் கேட்டேன். பூண்டு, எண்ணெய், மிளகாய், காய்ந்த ஸ்பகெட்டி; அந்த ஸ்பகெட்டியிலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும், முட்டை இல்லை. அடுப்பில் அது முழுச் சைவமாகவே இருந்தது. தட்டு வெளியே போகும் மேடையில், பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று, ஒரு பையன் மேலே சீஸைத் துருவியிருக்கிறான். வழக்கமாக எல்லாத் தட்டுக்கும் செய்வதுதான். மூன்று வினாடி வேலை.

மார்கரிட்டா தப்பியது. அங்கே வாங்கும் மொசரெல்லாவின் பையை எடுத்துப் படித்தோம். நுண்ணுயிர் ரென்னட் என்று போட்டிருந்தது. எல்லா மொசரெல்லாவும் அப்படி அல்ல. கம்பானியா எருமைப்பால் மொசரெல்லா கன்று ரென்னட்டில் உறைவது. பையைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சீசர் சாலட் இத்தாலியச் சமையலே அல்ல. 1924இல் மெக்சிகோவின் திஹுவானாவில் சீசர் கார்டினி என்ற உணவகக்காரர் உருவாக்கியதாகச் சொல்கிறார்கள். இன்று அதன் சாஸில் உப்பில் ஊறிய ஆங்கோவி என்ற நெத்திலி வகை மீனோ, அது கலந்த வூஸ்டர் சாஸோ இல்லாமல் செய்வது அரிது. இந்தக் கடையில் சாஸ் காலையிலேயே வாளியில் தயாராகிவிடும். இரவு "வெஜ்" என்று சீட்டு வரும்போது கோழியை விடலாம். வாளிக்குள் கரைந்துவிட்ட மீனை யாரும் எடுக்க முடியாது.

பன்றி இல்லை என்ற பலகை

கடை வாசலில் 'பன்றி இறைச்சி இல்லை' என்று பலகை. உள்ளே போகும்போது அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சொன்னார், "பரவாயில்லை, பயப்பட வேண்டாம்." நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்தப் பலகை நமக்காக எழுதியது அல்ல. ஜாக்கிம் எனும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையின் ஹலால் சான்றிதழ் உள்ள கடைகளும், அது இல்லாமல் பன்றியை மட்டும் தவிர்க்கும் கடைகளும் முஸ்லிம் வாடிக்கையாளர்களை எண்ணி நடப்பவை. அது அவர்கள் உரிமை, நல்ல ஏற்பாடும்கூட. இத்தாலியச் சமையலில் பன்றி போகும் இடம் அதிகம். அதை நீக்கினால் அந்த இடத்துக்கு எது வரும்? பெரும்பாலும் மாடு. மாட்டு பேக்கன், மாட்டுப் பெப்பரோனி. மாட்டிறைச்சி தொடாத இந்துக் குடும்பத்துக்கு, அந்தப் பலகை இருக்கும் கடையில்தான் கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. புரட்டாசி இல்லாத மாதத்திலும்கூட.

பன்னா கோட்டாவில் இது நேராகத் தெரிந்தது. பாலாடையை உறையவைக்க ஜெலட்டின் போடுகிறார்கள். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து நானே படித்தேன். மாட்டு ஜெலட்டின். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி, பொட்டலமிட்ட உணவில் மாடோ பன்றியோ அவற்றிலிருந்து எடுத்ததோ இருந்தால் அட்டையில் சொல்லியாக வேண்டும். டப்பா சொல்லித்தான் இருந்தது. ஆனால் அந்த டப்பா சமையலறை அலமாரியில் இருக்கிறது. எங்கள் முன்னால் வந்தது வெள்ளைக் கிண்ணமும் மேலே ஒரு ஸ்ட்ராபெரியும். பிறந்தநாள் பெண் இரண்டு சாப்பிட்டாள்.

சொல் எங்கே தொலைந்தது

தப்பு யார் மேல் என்று சித்தி கேட்டார். நான் நாலைந்து நாள் யோசித்தேன்.

மேசையில் நாங்கள் சொன்னது 'சைவம்'. அதில் இறைச்சி, மீன், முட்டை, மாடு, எலும்புச் சாறு எல்லாம் அடங்கிவிட்டதாக எங்களுக்கு நினைப்பு. வாய் திறந்து சொன்னது ஆங்கிலத்தில் 'வெஜிடேரியன்'. இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கு முதலில் நினைவு வருவது சீன பௌத்தச் சைவக் கடை. அங்கே பூண்டும் வெங்காயமும் ஆகாது. பணியாளரின் கருவியில் அதற்கு ஒரே பொத்தான்: வெஜ். சமையலறைச் சீட்டில் அதன் பொருள், இறைச்சித் துண்டு வேண்டாம். சந்தேகம் கேட்டபோது பதில் வந்தது மலாயில்: டாகிங் தாடா. பேச்சு மலாயில் டாகிங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கோழி ஆயாம், மீன் ஈக்கான். அந்தப் பையன் சொன்னது அவன் அறிந்த மொழியில் முழு உண்மை. டாகிங் இல்லைதான்.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையின் மேல் குறை உண்டு: பச்சை இலைக் குறியை யார், எதை வைத்துப் போட்டார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தானே நாங்கள் சூப் கேட்டோம்? கேட்டு வாங்கிய நம்பிக்கை அது. எங்கள் மேலும் குறை உண்டு. ஒன்பது பேருக்கு இடம் சொல்லிவைக்கப் போன் செய்தபோது பிறந்தநாள் கேக் வைக்க இடம் உண்டா என்று கேட்டேன், கார் நிறுத்துமிடம் கேட்டேன். அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, கூட்டம் நெரியும்போது கேட்டால் யாருக்குப் பானையைப் பார்க்க நேரம் இருக்கும்?

இரண்டாம் முறை

கார்த்திகையில் சித்திக்கு அறுபது. "அதே கடைக்குப் போவோம்" என்று சொன்னது அம்மாதான். எனக்கு நம்பவே முடியவில்லை.

இரண்டு நாள் முன்னதாக, பிற்பகலில் போன் செய்தேன். 'சைவம்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. சமையற்காரத் தம்பியிடம் பொருள் பொருளாகப் பேசினேன். சூப்புக்கு என்ன தண்ணீர்? தனியாகக் காய்கறித் தண்ணீர் கொதிக்க வைக்க முடியுமா? பாஸ்தா காய்ந்ததா, கடையிலேயே முட்டை போட்டுப் பிசைந்ததா? சாஸ் வாளியில் வருவதா, அப்போதே கலக்குவதா? மேடையில் சீஸ் துருவும் பையனுக்கு யார் சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் அவர் சிரித்தார். "நானே நிக்கிறேன்கா" என்றார்.

அன்று சாப்பிட்டவை: தக்காளி துளசி வைத்த புருஸ்கெட்டா, காய்கறித் தண்ணீரில் செய்த மினெஸ்ட்ரோனே, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும், ஆலியோ ஒலியோ, மார்கரிட்டா, அப்புறம் மரினாரா பீட்சா. மரினாராவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். பெயரைக் கேட்டால் கடல், மீன் என்று தோன்றும், மீனும் கிடையாது. நேப்பிள்ஸின் பழைய பீட்சாக்களில் ஒன்று. நம் ஆட்கள் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. சைவக்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் அதைவிடத் தோதானது இல்லை.

அம்மா முதலில் ஆலியோ ஒலியோவை எடுத்து, பழையபடி மூக்கருகே ஒரு நொடி வைத்துப் பார்த்தார். மேசையே அடங்கிவிட்டது. சாப்பிட்டார். "பூண்டு நல்லா செவந்திருக்கு. காரம்தான் பத்தல" என்றார். தம்பி உள்ளே போய்ச் சொல்ல, சமையற்காரரே சின்னக் கிண்ணத்தில் சிலி பாடி மிளகாய் நறுக்கி எண்ணெயில் போட்டுக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்தார். "அம்மா, அன்னைக்குத் தெரியாம நடந்துபோச்சு" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஈப்போவில் எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பன்னா கோட்டாவுக்கு மாற்றாக அகார்-அகார் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இந்த நாட்டில் தீபாவளிக்கு அகார்-அகார் கிளறாத வீடு உண்டா? கடற்பாசிதான், கவலை இல்லை. அன்று வந்தது கொஞ்சம் கெட்டியாகப் போய்விட்டது. கரண்டி வைத்தால் துள்ளியது. பாலுக்கு அளவைப் பாதியாக்கச் சொல்லி அம்மா சமையற்காரரிடம் கைவிரலால் காட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் அந்தப் பக்கம் நடந்து போனபோது எட்டிப் பார்த்தேன். சூப்புக்கு எதிரே இருந்த பச்சை இலையைப் பேனாவால் அடித்திருந்தார்கள். சாலட்டுக்கு எதிரே மட்டும் இன்னும் அப்படியே இருந்தது. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.